விமானத்தின் கைப்பிடிக்கு நான் எழுதிய வாக்கியம்

நான் பார்த்த வேலை என்னவென்று என் அம்மாவுக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. சர்ச்சில் யாராவது கேட்டால், "பெங்களூர்ல பிளேன் செய்யுக கம்பெனியாக்கும். பிளேன் ஓட்டுக கம்பு உண்டுல்லா, அத செய்யுகா" என்பாள். அந்தக் கம்பை நான் செய்யவில்லை. அதைப் பிடித்து ஓட்டுகிறவர்களுக்கு அதனால் ஆபத்து வராது என்று சோதித்து எழுதிக் கொடுப்பவர்களில் நானும் ஒருத்தி. பன்னிரண்டு வருடம் அந்த வேலையில் இருந்தேன்.

பழைய விமானங்களில் இரண்டு விமானிகளுக்கும் முன்னால் ஸ்டீயரிங் மாதிரி ஒன்று இருக்கும். அடியில் இரண்டையும் இணைத்திருப்பார்கள். ஒருவர் இழுத்தால் மற்றவருடையதும் கூடவே நகரும். பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பது கண்ணால் பார்க்காமலே கைக்குத் தெரிந்துவிடும். இப்போது பல விமானங்களில் அது போய், இருக்கையின் ஓரத்தில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு கைப்பிடி வந்துவிட்டது. சைட் ஸ்டிக் என்பார்கள். மணிக்கட்டை அசைத்தால் போதும், மின்கம்பி வழியாகக் கணினிக்குச் செய்தி போய், மற்றதைக் கணினி செய்யும்.

எங்கள் நிறுவனம் செய்துகொண்டிருந்தது இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து ஓட்டும் ஒரு சிறிய பயிற்சி விமானம். அதில் இரண்டு கைப்பிடிகளுக்கும் இடையே எந்தத் தொடர்பும் கிடையாது. இருவரும் ஒரே நேரத்தில் அசைத்தால் கணினி இரண்டையும் கூட்டிக்கொள்ளும். ஒருவர் இழுத்து, மற்றவர் அதே அளவு தள்ளினால் கூட்டுத்தொகை பூஜ்யம். விமானம் இருவர் சொல்லையும் கேட்காது. விமானம்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து இருவரும் இன்னும் பலமாகச் செய்வார்கள்.

இந்தக் கைப்பிடிக்கென்றே பாதுகாப்பு விதிகள் உண்டு. விரலும் மணிக்கட்டும் தாங்குவதற்கு மேல் பலம் கேட்கக் கூடாது. சின்னக் கையும் பெரிய கையும் பிடிக்க முடிய வேண்டும். இருவரில் யாராக இருந்தாலும் மற்றவர் செய்வதைத் திருத்தவோ, முழுதாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளவோ வழி இருக்க வேண்டும். இப்போது யார் ஓட்டுகிறார் என்று காட்டும் அறிவிப்பு குழப்பக் கூடாது. முதல் விதியை அளக்கக் கருவி இருக்கிறது. கடைசி விதியை எதை வைத்து அளப்பது? அதுதான் என் மேசைக்கு வந்தது.

எங்கள் கைப்பிடியின் தலையில் ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது. அதை அழுத்திப் பிடித்தால் மற்றவருடைய கைப்பிடி வேலை செய்யாது. இருவரும் ஒன்றாக அசைத்தால் முன்னால் ஒரு விளக்கு மின்னும். காதுக்குள் ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் எச்சரிக்கும்.

எங்கள் சோதனை விமானி விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். வந்த வாரத்தில், நான் வராந்தாவில் நின்று அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, பேசி முடிக்கும்வரை காத்து நின்றார்.

"மார்த்தாண்டமா, குலசேகரமா?"

"மார்த்தாண்டம் பக்கம், சார்."

"நான் தேரூர் பக்கமாக்கும். சாரெல்லாம் மீட்டிங்ல வச்சுக்கோ. இங்க அண்ணாச்சின்னு கூப்பிடு."

அப்படித்தான் கூப்பிட்டேன். நெல் விவசாயக் குடும்பம் அவருடையது. அவர் அண்ணன் இன்னும் வயல் பார்க்கிறார். மனைவி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர், பெங்களூருக்கு வர மறுத்துவிட்டவர். அண்ணாச்சி மாதம் ஒரு முறை வெள்ளிக்கிழமை ரயிலில் ஊருக்குப் போவார். திரும்பி வரும்போது எனக்கு ஒரு சீப்பு மட்டிப்பழம் இருக்கும். பெங்களூர் முழுக்கத் தேடினாலும் அந்தப் பழம் கிடைக்காது. அலுவலகத்தில் மற்றவர்கள் வந்து கேட்பதற்குள் பாதியை நானே தின்றுவிடுவேன்.

தரையிலேயே திரையைப் பார்த்து ஓட்டும் சிமுலேட்டரில் என்னையும் உட்கார வைப்பார்கள். எங்கள் பிரிவிலேயே சின்னக் கை என்னுடையது. சின்னக் கைக்கான சோதனைக்கு நான்தான் கிடைத்தேன். ஒரு நாள் சோதனைப் பிரிவின் தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டு, விமானம் தரையிறங்கும் நேரத்தில் அண்ணாச்சிக்குச் சொல்லாமல் என் கைப்பிடியை எதிர்ப்பக்கம் தள்ளிப் பிடிக்கச் சொன்னார். எச்சரிக்கையை அவர் எவ்வளவு சீக்கிரம் கவனிக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

ஓடுபாதை திரையில் தெரிந்ததும் தள்ளினேன். விளக்கு மின்னியது. குரல் எச்சரித்தது. அண்ணாச்சி கைப்பிடியை இழுத்தார். இன்னும் இழுத்தார். அவருடைய தாடை இறுகுவதை நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டனை அவர் தொடவே இல்லை. தரை எழுந்து வந்து திரை அப்படியே நின்றது.

அவர் திரும்பி என் கையைப் பார்த்தார்.

"நீயா தள்ளுனே?"

"ஆமா அண்ணாச்சி."

"எப்பம் இருந்து?"

"ஓடுபாதை தெரிஞ்சதுல இருந்து."

"அந்தப் பொம்பளப் பிள்ள பேசிச்சா?"

"பேசிச்சு. மூணு தடவ. லைட்டும் மின்னிச்சு."

அவர் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எனக்குக் கேக்கல்ல மக்கா. முப்பது வருஷமா ஓட்டுகேன், கேக்கல்ல. கை வேர்க்க ஆரம்பிச்சா காது அடச்சுப் போவும், கேட்டியா. கைக்குத்தான் தெரியணும். இன்னொருத்தன் பிடிச்சிருக்கான்னா எனக்க கைக்குள்ள இது நடுங்கணும். அதுக்கு என்னமாம் செய்."

அடுத்த நாட்களில் மற்ற இரண்டு விமானிகளோடும் அதே சோதனையைச் செய்தோம். ஒருவர் உடனே பட்டனை அழுத்தினார். இன்னொருவருக்கும் குரல் கேட்கவில்லை. கைப்பிடிக்குள் அதிர்வு தரும் சிறிய மோட்டார் ஒன்று வேண்டும் என்று எழுதி, அதைத் தீர்க்கப்படாத பாதுகாப்புக் குறையாகப் பதிவு செய்தேன். செல்போன் அதிர்வதற்கு உள்ளே இருக்கிறதே, அந்த மாதிரிதான், கொஞ்சம் பெரியது.

திட்டத் தலைவர் கூட்டம் போட்டார். அவரை நான் இங்கே வில்லனாக்கப் போவதில்லை. நிதானமாகப் பேசுகிறவர். மோட்டார் வைத்தால் கைப்பிடியை மாற்ற வேண்டும், வயரிங்கை மாற்ற வேண்டும், வெப்பச் சோதனை முதற்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும், எட்டு மாதம் போய்விடும் என்று கணக்குச் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார். "கை நடுங்க வேண்டும் என்று விதியில் இருக்கிறதா?"

"இல்லை. அறிவிப்பு குழப்பக் கூடாது என்று இருக்கிறது."

"விளக்கு இருக்கிறது, குரல் இருக்கிறது, பட்டன் இருக்கிறது. பட்டனை அழுத்த நன்றாகப் பயிற்சி கொடுப்போம். யோசித்து நீங்களே ஒரு முடிவு எழுதுங்கள்."

அவ்வளவுதான். இப்படி எழுது என்று யாரும் சொல்லவில்லை. மூன்று நாள் யோசித்தேன். யோசித்தேன் என்பதுகூடச் சரியில்லை. எழுதத்தான் போகிறேன் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். மற்ற இரண்டு நாளும் எழுதுவதற்கான காரணங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எழுதினேன்: 'விளக்கும் குரலும், தகுந்த பயிற்சியோடு சேர்ந்து, போதுமானவை என்று கருதப்படுகிறது.' யாரால் கருதப்படுகிறது என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. அப்படி எழுதுவதற்கு எனக்கு நல்ல பழக்கம் இருந்தது.

அதில் சோதனை விமானியின் கையெழுத்தும் வேண்டும். கேண்டீனில் அண்ணாச்சி சாயா குடித்துக்கொண்டிருந்தபோது தாளைக் கொண்டுபோனேன். கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார்.

"இத நீயா எழுதினே?"

"ஆமா."

"போதும்னு உனக்குத் தோணுகா?"

"பயிற்சி நல்லா குடுத்தா போதும் அண்ணாச்சி. அடுத்த மாடல்ல மோட்டார் வச்சிருவாங்க."

"அடுத்த மாடல்ல" என்று திருப்பிச் சொன்னார். கேள்வியாகச் சொன்னாரா, ஒத்துக்கொண்டு சொன்னாரா என்று இப்போது நினைத்தாலும் தெரியவில்லை. என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். "நீ சொன்னா செரி. எனக்கு ஓட்டத்தான் தெரியும். இதெல்லாம் உனக்க படிப்பு."

கையெழுத்துப் போட்டார்.

ஒன்றரை வருடம் கழித்து, காற்று பலமாக இருந்த ஒரு மதிய நேரத்தில் அது நடந்தது. விமானத்தை வாங்க நினைத்த ஒரு பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒரு விமானி வந்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர், வேறு விமானங்களில் நல்ல அனுபவம் உள்ளவர். அண்ணாச்சி அவரோடு போனார். நான் என் இடத்தில் உட்கார்ந்து வேறு எதற்கோ அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் எழுந்து ஜன்னல் பக்கம் ஓடினார்கள். ஓடுபாதையின் அந்தக் கோடியில் புகை என்றார்கள். நான் ஜன்னலுக்குப் போகவில்லை. பெண்கள் கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றேன். யார் போயிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். காலையில் என் மேசையைத் தாண்டித்தான் போனார்.

இருவருமே பிழைக்கவில்லை.

மூன்றாம் நாள் விமானத்தின் பதிவுப் பெட்டியைத் திறந்து எண்களை எடுத்தார்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர்களில் ஒருத்தி நான் என்பதால் என்னையும் உட்கார வைத்தார்கள். திரையில் இரண்டு கோடுகள். நீலம் அண்ணாச்சியின் கை. சிவப்பு மற்றவருடையது. தரைக்குப் பக்கத்தில் காற்று விமானத்தின் மூக்கைத் தூக்கியிருக்கிறது, வேகம் குறைந்திருக்கிறது. மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்க வேண்டும் என்று அண்ணாச்சி தள்ளியிருக்கிறார். அதுதான் சரி. தரை பக்கத்தில் வந்ததைப் பார்த்துப் பயந்த மற்றவர் இழுத்திருக்கிறார். நீலம் கீழே இறங்க இறங்க, சிவப்பு மேலே ஏறிக்கொண்டு போனது. ஆறு வினாடி. கணினி இரண்டையும் கூட்டிக் கிட்டத்தட்டப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. வேகம் மீளாமல் ஒரு இறக்கை சாய்ந்தது. பட்டன் அழுத்தப்பட்டால் கீழே ஒரு கட்டம் கறுப்பாகும். கடைசிவரை அது வெள்ளையாகவே இருந்தது.

குரல் பதிவையும் போட்டார்கள். பெண்குரல் மூன்று முறை எச்சரித்தது, தெளிவாக, நாங்கள் பதிவு செய்து வைத்த அதே குரல். அதற்கிடையில் அண்ணாச்சி ஏதோ சொன்னார். அறையில் தமிழ் தெரிந்த இன்னொருவர் சென்னைக்காரர். அவருக்குப் பிடிபடவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

"அசையல்லியே, என்னதிது, அசையல்லியே" என்கிறார் என்று சொல்லி, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தும் கொடுத்தேன். ஒருவர் குறித்துக்கொண்டார்.

அதற்குள்ளேயே நிறுவனத்திலிருந்து ஓர் அறிக்கை வந்துவிட்டது. விமானத்தில் கோளாறு எதுவும் இல்லை, பொறுப்பு விமானி பயிற்சியில் சொல்லியபடி பட்டனை அழுத்தவில்லை என்று இரண்டு வரி. ஊர்ப் பத்திரிகையில் அதையே அண்ணாச்சியின் படத்தோடு போட்டிருந்தார்கள்.

அடக்கத்துக்கு நான் போகவில்லை. பதினாறு கழிந்த பிறகு லீவு போட்டு ஊருக்கு வந்தேன். வீட்டில் ஒரு நாள் சும்மா இருந்துவிட்டு, சனிக்கிழமை காலையில் பஸ் ஏறி நாகர்கோவில் வடசேரி வந்து, அங்கிருந்து தேரூர்ப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். கும்பப்பூ நெல் நடவு முடிந்து வயல்களில் தண்ணீர் நின்றது. வீட்டைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. ரோட்டோரத்தில் அவர் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் இன்னும் கட்டியபடியே இருந்தது.

அண்ணாச்சியின் மனைவி டீச்சர் முன்னறையில் உட்கார்ந்து பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாராம். யாரென்று சொன்னேன்.

"மார்த்தாண்டத்துப் பிள்ள. உனக்குத்தான் மட்டிப்பழம் குடுத்து விடுவேன்." நாற்காலியைக் காட்டினார். "இரி."

உட்கார்ந்தேன். அவரே கேட்டார். "பட்டன அமுக்கல்லேன்னு எழுதியிருக்காங்க. ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் படிச்சாச்சு. ஒரு பட்டன அமுக்கத் தெரியாத ஆளா அவிய?"

"இல்லக்கா. பட்டன அமுக்கணும்னா, பக்கத்துல இருக்கவரு எதிர்ல இழுக்காருன்னு முதல்ல தெரியணும். அது அவருக்குத் தெரியல்ல."

"அதெப்படி தெரியாம போவும்? பக்கத்துல தானே இருந்தாரு?"

மிச்சம் கிடந்த கேள்வித்தாள் ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பித் தந்தார். நான் நீலத்திலும் சிவப்பிலும் இரண்டு கோடு வரைந்தேன். கணினி கூட்டுவதைச் சொன்னேன். கணக்கு டீச்சருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. நீலக் கோட்டைத் தொட்டு, "அப்பம் இவிய செஞ்சது செரிதானே?" என்றார்.

"செரிதான்."

"ரெண்டு கையும் சண்ட போட்டா அது கைக்குத் தெரியாதா?"

"இந்த மாடல்ல தெரியாது."

"தெரியும்படிச் செய்ய முடியாதா?"

அந்தக் கேள்வி வரும் என்று பஸ்ஸில் வரும்போதே தெரியும். பதிலும் வைத்திருந்தேன். நீளமான பதில், விதிகளெல்லாம் அதில் வரும். அதைச் சொல்லவில்லை.

"முடியும்" என்றேன்.

"பின்ன?"

எல்லாவற்றையும் சொன்னேன். சிமுலேட்டரில் நான் தள்ளியது, கைக்குத் தெரிய வேண்டும் என்று அண்ணாச்சி கேட்டது, நான் குறையாக எழுதியது, பிறகு நானே அதை முடித்து வைத்தது. கேண்டீனில் கையெழுத்து வாங்கியதையும் சொன்னேன். டீச்சர் என்னைப் பார்க்கவில்லை, தாளில் இருந்த கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனாவுக்கு மூடி போட்டார். எழுந்து உள்ளே போனார். குழாயில் தண்ணீர் ரொம்ப நேரம் விழுந்துகொண்டிருந்தது. முகம் கழுவி, சேலைத் தலைப்பால் துடைத்தபடி வந்து வாசல்பக்கம் நின்றார்.

"எனக்கிட்ட சொன்னத விசாரிக்கவங்களுக்கு எழுதிக் குடு. வாயால சொல்லாதே, எழுது. பின்ன எனக்க வீட்டுக்கு வராதே."

எழுதினேன். வீட்டு மேசையில் இரண்டு நாள் எழுதினேன். அம்மா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாம் முறை கேட்டாள். "இத குடுத்தா உன்ன ஜெயில்ல போடுவினுமா?"

"தெரியாதும்மா."

"நீ எழுதாட்டா ஆரும் அறிவினுமா?"

"அறிய மாட்டாங்க."

அன்றைக்குக் குடும்ப ஜெபத்தில் அம்மா என் பெயரைச் சொல்லி ஜெபித்தவள், என்ன வேண்டும் என்று சொல்லாமல் நிறுத்திவிட்டாள்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். என் தாள்களைப் படித்துவிட்டு, அந்தக் குறையை முடிக்கச் சொன்னது யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். யாரும் சொல்லவில்லை, நான்தான் எழுதினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு உத்தரவு இருந்திருந்தால் அவர்களுக்கும் சுலபம், எனக்கும் சுலபம். வெளியே வந்தபோது திட்டத் தலைவர் நடைபாதையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு உள்ளே போனார்.

கடைசி அறிக்கை ஒரு வருடம் கழித்து வந்தது. முதன்மைக் காரணம்: பொறுப்பு விமானி பட்டனை அழுத்தவில்லை. துணைக் காரணம்: மற்றவர் ஓட்டுவது கையால் உணரும்படி கைப்பிடியில் ஏற்பாடு இல்லை. மோட்டார் பொருத்தும்படி பரிந்துரை. அறிக்கைக்குக் காத்திருக்காமல் நிறுவனம் ஏற்கெனவே மோட்டாரைப் பொருத்தியிருந்தது. எட்டு மாதம் என்றார்களே, அதை ஏழு வாரத்தில் செய்து முடித்தார்கள். நான் அப்போது வேலையை விட்டிருக்கவில்லை. புதிய கைப்பிடியைச் சோதிக்கச் சின்னக் கை வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்தேன். அது என் கைக்குள் நடுங்கியது. அடுத்த வாரம் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

இப்போது நாகர்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். அறிக்கையின் பிரதி ஒன்றை டீச்சருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. நாலு மாதம் கழிந்து, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"நீ அனுப்பினத மூணு தடவ படிச்சேன்" என்றார் டீச்சர். "முதன்மைக் காரணம்னும் துணைக் காரணம்னும் போட்டிருக்கு. தெரிய வழியில்லாத ஒண்ணுக்குப் பட்டன அமுக்கல்லன்னா, எது முதல்ல வரணும்? வரிச தப்பில்லியா?"

"தப்புதான்க்கா."

"மனு எழுதணும். எனக்கு இங்கிலீஷ் வரும், பிளேன் தெரியாது. சனிக்கிழமை வா."

அன்றிலிருந்து மாதத்தில் இரண்டு சனிக்கிழமை போகிறேன். முதல் மனுவுக்கு, அறிக்கை இறுதியானது என்று பதில் வந்தது. இரண்டாவதற்குப் பதிலே இல்லை. இப்போது மூன்றாவதை எழுதுகிறோம். இதில் வெளிநாட்டு விதிகளையும், கைப்பிடியில் அதிர்வு வைத்த மற்ற விமானங்களையும் சேர்த்திருக்கிறேன். அண்ணாச்சியின் அண்ணன் ஒரு தடவை வயலிலிருந்து காலைக் கழுவிக்கொண்டு வந்து, "போனவன் திரும்பி வருவானா? என்னத்துக்கு இதெல்லாம்" என்றார். டீச்சர் தாளைப் புரட்டினார். அண்ணன் திரும்ப வயலுக்குப் போய்விட்டார்.

எனக்கு அந்த வீட்டில் சாயா தருவதில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் மேசையில் இருக்கும். போன மாதம், டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, நான் இத்தனை நாளாகக் கேட்காத மன்னிப்பைக் கேட்க வாயெடுத்தேன். "அக்கா, நான் அன்னைக்கு அவர்கிட்ட அந்தக் கையெழுத்து..."

"அத இங்க பேசண்டாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "நீ அத பேசினா நான் உன்ன இங்க இருக்க விட மாட்டேன். நீ இருந்தாத்தான் இது முடியும். அடுத்த பத்தியப் படி."

நான் படித்தேன்.